லிஃப்ட் ஓடிய புதன்

படிவத்தில் பதினொரு கட்டங்கள்.
வீட்டு எண், பாத்திர வகை, புழு உண்டா இல்லையா,
போட்ட மருந்து, கையெழுத்து.
மற்றதெல்லாம் சட்டைப்பைக்கு.

ஒரு வெள்ளி எண்பது காசு நோட்டு அது.
வியர்வையில் அட்டை உப்பித்
தேத்தண்ணீரில் விழுந்த பிஸ்கட் ஆகிவிட்டது.
பேனாவை விட்டு இரண்டு வருஷம்.
செந்தூல் மழை ஒரே மதியத்தில்
என் ஆறு மாதத்தை நீலக் குட்டையாக்கிய பிறகு
பென்சில்தான்.

சி பிளாக், ஏழாவது மாடி:
வாசலில் மீன்தொட்டி. மீன் இல்லை.
"வாங்கணும்" என்றார்,
மூன்று மாதமாய்த் தண்ணீரை மட்டும் வளர்ப்பவர்.

ஒன்பது. திருமதி லோக்.
நான் மணி அடித்தால்
உள்ளே எதையோ கவிழ்க்கும் சத்தம், கதவு பிறகு.
"தண்ணீர் கொட்டினார்" என்று எழுதினேன்.
அடித்தேன்.
"சத்தம்" என்று மட்டும் எழுதினேன்.
கண்டது வேறு, கருதியது வேறு.

பதினொன்று:
பூச்சட்டித் தட்டில் டார்ச் அடித்தேன்.
வாக்கியத்திலிருந்து தப்பித்த காற்புள்ளிகள்
நெளிந்து நெளிந்து அடியில் ஒளிந்தன.
நான்கு. இல்லை, ஐந்து.

பதினான்காவது மாடியில்
கம்பிக்கதவுக்குப் பின்னால் சக்கர நாற்காலி.
ரோஷ்வினி, படிவம் நான்கு.
அம்மா வேலைக்குப் போயிருக்கிறார்.
குளியலறை வாளியில் ஆறு புழு.
ஐந்நூறு வெள்ளி என்று சொல்ல வாயெடுத்தேன்.
"அக்கா, ஒரு நிமிஷம்."
மடியிலிருந்து அவளும் ஒரு நோட்டை எடுத்தாள்.

நாளுக்கு ஒரு வரி.
ஓடியது. நின்றது. நின்றது. நின்றது.
பள்ளிக்குப் போகாத நாளுக்கு ஓரத்தில் ஒரு புள்ளி.
எண்ணுவதே என் பிழைப்பு. நாற்பதுக்கு மேல் எண்ணவில்லை.

"ஆபிஸ்ல சாட்சி கேக்குறாங்க.
நீங்கதான் ஒவ்வொரு புதனும் வர்றீங்க.
லிஃப்ட் நின்ன நாள்ல
உங்க மூச்சு முதல்ல வருது, நீங்க அப்புறம்."

என் நோட்டைப் புரட்டினேன்.
சாட்சிக்கென்று எழுதியதில்லை.
முழங்காலுக்காக, திட்டுவதற்காக,
பக்கத் தலைப்பில் "லி. நின்றது", "லி. ஓடியது".
இருபத்து மூன்று புதன்கள்.
அவள் வாசித்தாள், நான் பார்த்தேன்.
ஒன்று மட்டும் இடித்தது.
மார்ச் பதினெட்டு
அவளுக்கு நின்றது, எனக்கு ஓடியது.

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.
"நான் பொய் எழுத மாட்டேன்" என்றாள்.
நான் மட்டும் எழுதுவேனா?
கடைசியில்தான் நேரத்தைப் பார்த்தோம்.
பொத்தானை அவள் அமுக்கியது காலை ஆறேகால்.
நான் அமுக்கியது பத்து ஐந்து.
நடுவில் யாரோ வந்து
சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்,
பள்ளி மணி அடித்து வெகுநேரம் கழித்து,
எனக்காக.

"இங்க கையெழுத்துப் போடுங்க."
வீடு வீடாய்க் கையெழுத்து வாங்குகிறவள் நான்.
எனக்கென்று ஒருத்தி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத் தருகிறாள்.
பென்சிலை எடுத்தேன்.
"பென்சில் வேணாம். அழிச்சுட்டாங்கன்னா?"
அவளுடைய பேனா, மூடியில் பல் பதிந்தது.
போட்டேன். கீழே என் அட்டை எண்ணும்.

பிறகு வாளி.
அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.
"உண்டு" என்று எழுதினேன்.
அதை விட்டுவிட்டால்
இருபத்து மூன்றையும் யார் நம்புவார்கள்?
அவள் எதுவும் கேட்கவில்லை.
நாற்காலியை ஒதுக்கி வழிவிட்டாள்.
வாளியைக் கவிழ்த்து, தேய்த்து,
குப்புற வைத்துவிட்டு வந்தேன்.
அதற்குக் கட்டம் இல்லை.

இறங்கும்போது லி. ஓடியது.
11.52.
பதினான்கில் ஏறியது நான் மட்டும்.